ஷகீராவைக் கேட்கத் தொடங்குபவருக்கு: எந்தப் பாட்டு, எந்த வரிசையில்

ஷகீரா என்றதும் இடுப்பு மட்டும் நினைவுக்கு வருகிறவர்களுக்காக எழுதியது இது. ஒரு உலகக் கோப்பைப் பாட்டு, ஒரு நடனக் காணொளி, போனால் போகிறதென்று 2023இல் ஊரெல்லாம் பேசிய ஒரு பிரிவுப் பாட்டு. அவரைப் பற்றி இவ்வளவுதான் தெரியும் என்றால் அவருடைய ஆகச் சிறந்த பாடல்களை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை என்று துணிந்து சொல்வேன். அவை ஸ்பானிஷ் மொழியில் இருக்கின்றன. பெரும்பாலும் 1995க்கும் 2005க்கும் இடையில் வந்தவை. பாடகி, நடனக்காரி என்பதெல்லாம் பிறகுதான். முதலில் அவர் பாட்டு எழுதுகிறவர். இந்த வழிகாட்டி அந்த எழுத்தாளரிடம் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பின்னணி சுருக்கமாக. ஷகீரா இசபெல் மெபராக் ரிபோல் 1977 பிப்ரவரி 2 அன்று கொலம்பியாவில் உள்ள பரான்கியாவில் பிறந்தார். மக்தலேனா ஆறு கரீபியக் கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய துறைமுக நகரம் அது. தந்தை வழி லெபனான், தாய் கொலம்பியர். கொட்டு, அரபு மெட்டு, ராக் கிதார் மூன்றும் அவர் பாடல்களில் ஏன் மாறி மாறி வருகின்றன என்பதற்குப் பாதி விடை இந்த ஊரிலும் குடும்பத்திலும் கிடைத்துவிடும். முதல் இசைத்தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது 14. 1991இலும் 1993இலும் வந்த முதல் இரண்டு தொகுப்புகளும் விற்கவில்லை. அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முன்னேற்பாடு: மொழி

ஸ்பானிஷ் தெரியாதே என்ற கவலை வேண்டாம். ஆனால் சிறிது உழைக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டையும் முதல் முறை பொருள் பார்க்காமல் கேளுங்கள். இரண்டாம் முறை வரிகளின் மொழிபெயர்ப்பை ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு, அதை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள். மூன்றாம் முறை ஸ்பானிஷ் வரிகளைக் கண்ணால் தொடர்ந்தபடி கேளுங்கள். ஸ்பானிஷ் ஏறக்குறைய எழுதியபடியே ஒலிக்கும் மொழி. ஜே எழுத்துக்கு ஹகர ஒலி, ஹெச் எழுத்துக்கு ஒலியே இல்லை, இரட்டை எல் வந்தால் யகரம் போல. இந்த மூன்றையும் மனதில் வைத்தால் வரிகளோடு ஓட முடியும். இயந்திர மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாதீர்கள். ஷகீராவின் கிண்டல் அதில் பிடிபடாது. நகைச்சுவையாகச் சொன்னதை அது சோகமாக மாற்றித் தந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. அவருடைய பல பாடல்களுக்கு ஆங்கிலம், ஸ்பானிஷ் என இரண்டு வடிவங்கள் உண்டு. செயலியில் தேடினால் ஆங்கில வடிவம்தான் முதலில் வந்து நிற்கும். பாட்டின் பெயரால் தேடாமல் தொகுப்பின் பெயரால் தேடிச் செல்வது நல்லது.

படி 1: தெரிந்த பாட்டைத் தெரியாததுபோல் கேளுங்கள்

‘ஹிப்ஸ் டோன்ட் லை’ எல்லோருக்கும் தெரியும். 2006இல் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த ஆண்டு எம்டிவி விருது விழாவில் இதற்கு இந்திய பாணி நடனம் அமைத்தவர் ஃபரா கான் என்பது நம் பக்கத்தில் பலருக்கு நினைவிருக்கும். இப்போது ஆட்டத்தை மறந்துவிட்டு, தொடக்கத்தில் முழங்கும் ட்ரம்பெட்டை மட்டும் கவனியுங்கள். அது புவர்த்தோ ரிக்கோவின் சல்சா பாடகர் ஜெர்ரி ரிவேரா 1992இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டிலிருந்து எடுத்தது. இதில் உடன் பாடும் ராப் பாடகர் வைக்லெஃப் ஜீன் 2004இல் ஒரு திரைப்படத்துக்காகச் செய்த பாட்டைத்தான் இருவரும் சேர்ந்து திருத்தி எழுதினார்கள். நடுவில் “பரான்கியாவில் இப்படித்தான் ஆடுவார்கள்” என்ற பொருளில் ஸ்பானிஷில் ஒரு வரி வருகிறதா? உலகம் முழுக்க ஒலித்த பாட்டில் தன் ஊரின் பெயரைச் செருகிவிட்டுப் போகும் குணம் அவருடையது. இனி அது அடிக்கடி வரும்.

‘வாக்கா வாக்கா’வும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவின் ஃப்ரெஷ்லிகிரவுண்ட் குழுவோடு 2010 உலகக் கோப்பைக்காகப் பாடியது. அதன் பல்லவி கேமரூனின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986இல் பாடிய ‘சங்கலேவா’ என்ற படைவீரர் பாட்டிலிருந்து வந்தது. அதே மெட்டை டொமினிக்கன் குடியரசின் பெண்கள் குழுவான லாஸ் சிகாஸ் தெல் கான் முன்பே தங்கள் பாணியில் பாடியிருந்தது. ஆப்பிரிக்கக் கரைக்கும் கரீபியக் கரைக்கும் இடையே பாட்டு போய்வருவது புதிதல்ல. மூலப் பாட்டைத் தேடி ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். மூலமே மேல் என்று தோன்றினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்தப் படிக்கு ஒரு மாலை போதும்.

படி 2: 1998க்குப் போய் அங்கேயே தங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதைச் செய்யுங்கள். ‘தோந்தே எஸ்தான் லோஸ் லத்ரோனெஸ்?’ தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை, வரிசை மாற்றாமல் கேளுங்கள். “திருடர்கள் எங்கே?” என்பது பொருள். புதிய பாடல் வரிகள் இருந்த பெட்டி பொகோட்டா விமான நிலையத்தில் திருட்டுப் போனது, அதையே தலைப்பாக்கிவிட்டார். அட்டைப்படத்தில் அவருடைய கைகள் அழுக்காக இருக்கும். திருடர்கள் எங்கோ இல்லை, குற்றத்தில் எல்லோருக்கும் பங்குண்டு என்று அதற்கு விளக்கமும் சொன்னார்.

எல்லாவற்றிலும் முதலில் ‘இனெவிதாப்லே’. தவிர்க்க முடியாதது. மெல்லிய கிதாரோடு, யாரிடமோ ஒப்புதல் வாக்குமூலம் தருவதுபோல் தொடங்குகிறது. எனக்குக் காப்பி போடத் தெரியாது, கால்பந்தும் புரியாது என்று தன் குறைகளை அடுக்குகிறாள் அந்தப் பெண். காதலன் போய்விட்டான், அவள் எதற்கும் லாயக்கில்லாமல் நிற்கிறாள். பல்லவியில் ராக் கிதார் திடீரென்று இறங்கும்போது அதுவரை அடக்கிவைத்த அழுகை உடைகிறது. கால்பந்து புரியாது என்று பாடியவர்தான் பிறகு 2006, 2010, 2014 என மூன்று உலகக் கோப்பைகளின் இறுதிநாள் மேடையில் பாடினார், ஒரு கால்பந்து வீரரோடு பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் பாட்டு ஓடும்போது சிரிக்க முடியாது.

அடுத்து ‘ஒக்தாவோ தியா’, அதாவது எட்டாம் நாள். உலகைப் படைத்து முடித்த கடவுள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்தியோடு விண்வெளியில் உலாவப் போகிறார். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் நரகம்போல் குழம்பிக் கிடக்கிறது. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் வேலையில்லாதோர் கணக்கில் அவரும் ஒருவராகிவிடுகிறார். இருபத்தொரு வயதுப் பெண் எழுதிய வெகுஜனப் பாட்டில் இப்படி ஓர் அங்கதம். இந்தப் பாட்டும் ‘ஓஹோஸ் அசி’யும் 2000இல் நடந்த முதல் லத்தீன் கிராமி விழாவில் ஆளுக்கொரு விருது பெற்றன. ஒன்று ராக் பிரிவில், மற்றொன்று பாப் பிரிவில்.

‘ஓஹோஸ் அசி’ வேறு உலகம். அதில் அரபு வரிகளே வருகின்றன, தாளமும் அங்கிருந்துதான். லெபனான் பாட்டன் வீட்டு இசை கொலம்பியப் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது இங்கேதான். பின்னாளில் அவரோடு ஒட்டிக்கொண்ட அரபு நடனத்துக்கும் இதுவே மேடை. பிறகு ஆங்கிலத்திலும் பாடினார். அதை விட்டுவிடுங்கள்.

‘சியேகா, சோர்தோமுதா’வில் மெக்சிகோவின் நாட்டார் குழு இசையான மரியாச்சியின் ட்ரம்பெட்டும் நடனத் தாளமும் கைகோக்கின்றன. காதல் வந்தால் தான் குருடாகி, செவிடாகி, ஊமையாகிவிடுவதாகப் புலம்பும் பாட்டு. புலம்பல் என்றாலும் கால் தாளம் போடும். ‘நோ கிரெயோ’வில் நம்பாதவற்றின் பட்டியல்: வெள்ளி கோளை நம்பவில்லை, செவ்வாயை நம்பவில்லை, கார்ல் மார்க்ஸை நம்பவில்லை, பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரை நம்பவில்லை, உன் புன்னகையை மட்டும் நம்புகிறேன். ‘து’ பியானோவோடு வரும் எளிய காதல் பாட்டு. ‘மோஸ்காஸ் என் லா காசா’ என்றால் வீட்டில் ஈக்கள். பிரிவைச் சொல்ல நிலவையும் மழையையும் கூப்பிடாமல் ஈயைக் கூப்பிட்டதற்காகவே அந்தப் பாட்டை எனக்குப் பிடிக்கும்.

ஒரு வாரம் இந்தத் தொகுப்போடு இருங்கள். அவசரம் இல்லை.

படி 3: அதே பாடல்கள், மேடையில்

1999 ஆகஸ்டில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டரில் பதிவான, மின்னொலி மெருகு இல்லாமல் மேடையில் பாடும் ‘எம்டிவி அன்பிளக்டு’ நிகழ்ச்சியை இப்போது கேளுங்கள். இயன்றால் பாருங்கள். படி 2இல் கேட்ட பாடல்கள்தாம் பெரும்பாலும். அமெரிக்க எம்டிவியில் முழுக்க ஸ்பானிஷில் ஒளிபரப்பான முதல் அன்பிளக்டு அது. அடுத்த ஆண்டு தொகுப்பாக வந்து, 2001இல் சிறந்த லத்தீன் பாப் தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

எதைக் கவனிப்பது? மெருகுப்பூச்சு போனபிறகு பாட்டு நிற்கிறதா என்பதை. ‘சியேகா, சோர்தோமுதா’வுக்கு உண்மையான மரியாச்சிக் குழுவே மேடையேறுகிறது, பதிவு செய்யப்பட்ட பாட்டைவிட இதுவே சிறப்பு. ‘இனெவிதாப்லே’யில் குரல் விரிசல் விடும் இடங்களைக் கேளுங்கள். அவருடைய குரல் எல்லோருக்கும் உடனே பிடிக்காது. தொண்டைக்குள்ளேயே சுழன்று, சொல்லின் நுனியில் ஒரு வெட்டு வெட்டித் திரும்பும் குரல் அது. ஆடு கத்துவதுபோல் இருக்கிறது என்று கேலி செய்தவர்களும் உண்டு. பிடிக்குமா பிடிக்காதா என்பது இந்த நிகழ்ச்சியில் தெரிந்துவிடும். இங்கேயும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். மீதிப் படிகள் உங்கள் மனதை மாற்றாது.

கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கெஸ் இந்தக் காலத்தில்தான் ஷகீராவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இளமையில் பரான்கியாவில் பத்திரிகையாளராக இருந்தவர் அவர். ஊர்ப் பெண்ணின் கடும் உழைப்பைப் பார்த்து வியந்திருக்கிறார்.

படி 4: வெறுங்கால்

1998இலிருந்து மூன்றாண்டு பின்னோக்கி, 1995இல் வந்த ‘பியெஸ் தெஸ்கால்சோஸ்’ தொகுப்புக்கு. வெறுங்கால் என்று பொருள். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது இதுதான். இதையே முதலில் கேட்கக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது என்றில்லை. ஆனால் தயாரிப்பில் 90களின் வாசனை அதிகம். முதல் சந்திப்பில் அது தள்ளி நிறுத்திவிடக்கூடும். 1998ஐப் பழகிய காதுக்கு இது இனிக்கும்.

மூன்று பாடல்கள் கட்டாயம். ‘எஸ்தோய் அகீ’யில் புகைப்படங்கள், குறிப்பேடுகள், நினைவுகள் நடுவே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், பல்லவியில் சொற்கள் மூச்சுவிட இடமில்லாமல் பாய்ந்து வருகின்றன. அந்த வேகத்தில் அவரோடு பாடிப் பார்ப்பது நல்ல பயிற்சி, நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ‘அந்தோலோஹியா’ அதற்கு நேர்மாறு. நீ எனக்குக் கற்றுத் தந்தவை எத்தனையோ, ஆனால் கடைசிப் பாடம் ஒன்றை மறந்துவிட்டாய், உன் காதல் இல்லாமல் வாழ்வது எப்படி என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை என்று முடியும். லத்தீன் அமெரிக்காவில் ஷகீரா இந்தப் பாட்டின் முதல் இரண்டு சொற்களைப் பாடினால் போதும், மீதியை அரங்கமே பாடிவிடும். மூன்றாவது ‘சே கியேரே, சே மாத்தா’. கண்ணியமான குடும்பத்துப் பெண் ஒருத்தி திருமணத்துக்கு முன் கருவுற்று, அதை மறைக்கப்போய் உயிரை இழக்கும் கதை. துள்ளல் மெட்டில் சொல்லப்படுவதால் பலர் பொருளைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.

தலைப்புப் பாட்டையும் கேளுங்கள். 1997இல் கொலம்பியாவின் ஏழைக் குழந்தைகளுக்காக அவர் தொடங்கிய கல்வி அறக்கட்டளைக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார்.

படி 5: இரட்டைப் பாடல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

2001இல் ‘லாண்டரி சர்வீஸ்’ வருகிறது. ஆங்கிலத்தில் பாட்டு எழுதுவதற்காகவே ஆங்கிலம் கற்று எழுதிய தொகுப்பு. முடி பொன்னிறமானதும் இதே சமயம்தான். பழைய ரசிகர்கள் இரண்டையும் சேர்த்தே மன்னிக்க மறுத்தார்கள். ‘வெனெவர், வேர்எவர்’ உலகெங்கும் ஓடியது. ஆண்டிஸ் மலைப்பகுதியின் குழலும் சரங்கோ என்ற சிறு நரம்புக்கருவியும் அதில் வருவதைக் கேளுங்கள்.

பயிற்சி இதுதான்: அதே தொகுப்பில் இருக்கும் ‘சுவெர்தே’வை உடனே அடுத்துப் போடுங்கள். ஒரே மெட்டு, ஸ்பானிஷ் வரிகள். ‘அப்ஜெக்ஷன்’ பாட்டுக்கு ஜோடி ‘தே அவீசோ, தே அனுன்சியோ’. டாங்கோவில் தொடங்கி ராக்கில் வெடிப்பது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆங்கில ஷகீரா சற்று விறைப்பாக நடப்பதும் ஸ்பானிஷ் ஷகீரா வீட்டில் நடப்பதும் காதுக்கே தெரியும். ஆங்கில வரிகளில் ஒரு விநோத அழகு உண்டு என்பதை மறுக்கவில்லை. பிறவியில் அந்த மொழி பேசுகிறவர் யாரும் அப்படி எழுதத் துணியமாட்டார்.

இந்தத் தொகுப்பின் உண்மையான முத்து ஸ்பானிஷில் மட்டுமே இருக்கிறது: ‘கே மே கேதெஸ் து’. செய்தி அலைவரிசைகள் நாசமாகட்டும், புன்னகைகள் வழக்கொழியட்டும், சூரிய அஸ்தமனங்கள் அழிந்துபோகட்டும், சண்டைப் படங்கள் முடிந்துபோகட்டும், நீ மட்டும் எனக்கு மிஞ்சு. உலகத்தையே ஏலம்விட்டு ஒருவனைக் கேட்கும் பாட்டு.

படி 6: 2005, இரண்டு ஆண் குரல்கள்

‘ஃபிஹாசியோன் ஓரால்’ தொகுப்பின் முதல் பாகத்திலிருந்து இரண்டு. முதலாவது ‘லா தொர்துரா’. துரோகம் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டு வரும் ஆணாக ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ சான்ஸ், மறுக்கும் பெண்ணாக ஷகீரா. மனிதன் ரொட்டியால் மட்டும் வாழ்வதில்லை, நான் சாக்குப்போக்கால் வாழ்வதில்லை என்கிறாள் அவள். ரெகெட்டோன் என்ற கரீபிய நடனத் தாளம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. பில்போர்டின் லத்தீன் பாடல் பட்டியலில் 25 வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு, ஒரு சொல் ஆங்கிலம் இல்லாமல்.

இரண்டாவது ‘நோ’. இதைப் பெரும்பாலான பட்டியல்கள் விட்டுவிடும். அர்ஜென்டினாவின் சோதா ஸ்தெரியோ குழுவை நடத்திய குஸ்தாவோ செராத்தி இதில் கிதாரோடும் குரலோடும் இருக்கிறார். மெல்லப் படரும், கடலோர இரவு போன்ற இருட்டு. செராத்தி 2014இல் காலமானார். அதற்குப் பிறகு இந்தப் பாட்டைக் கேட்பவர்கள் அதிகமானார்கள் என்றால் வியப்பில்லை.

2009க்கும் 2014க்கும் இடையே வந்தவற்றை விரைவாகக் கடக்கலாம். ‘லோகா’வில் மெரெங்கே என்ற டொமினிக்கன் நடன இசையின் துள்ளலும், ‘அந்தெஸ் தே லாஸ் செயிஸ்’ என்ற அமைதியான பாட்டும் போதும்.

படி 7: ஊருக்குத் திரும்புதல்

2016இல் இரண்டு பாட்டுகள். ‘சாந்தாஹே’, இளைய தலைமுறைப் பாடகர் மலூமாவோடு. மெல்லிய ரெகெட்டோன், கேட்கச் சுகம். ஆனால் நேரத்தை ‘லா பிசிக்லேதா’வுக்குக் கொடுங்கள். கார்லோஸ் விவெஸ் கொலம்பியாவின் வாயெனாத்தோ இசையை ராக்கோடு இணைத்துப் புகழ்பெற்றவர், அதே கடற்கரைக்காரர். வாயெனாத்தோவின் உயிர் அக்கார்டியன். துணைக்குக் காஹா என்ற சிறு பறையும், குவாச்சராகா என்ற உரசல் கருவியும். இந்தப் பாட்டில் மூன்றும் கேட்கும். சைக்கிளில் ஊரைச் சுற்றும் நினைவுதான் பாட்டு. பிக்கேவுக்கு தைரோனாவை ஒருநாள் காட்டிவிட்டால் பிறகு பார்சிலோனாவுக்குத் திரும்ப மனம் வராது என்று ஒரு வரி. தைரோனா என்பது சாந்தா மார்த்தா அருகே கடலோரக் காட்டுப் பூங்கா. கெரார்த் பிக்கே அப்போதைய துணைவர், பார்சிலோனா அணி வீரர். அந்த ஆண்டு லத்தீன் கிராமியில் ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த பதிவு இரண்டு விருதுகளும் இதற்குத்தான்.

இதோடு 2020 பிப்ரவரி 2 அன்று மயாமியில் ஜெனிஃபர் லோபஸோடு நடத்திய, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை நிகழ்ச்சியையும் பாருங்கள். அவருடைய 43ஆம் பிறந்தநாள். கொலம்பியக் கரையின் சம்பேத்தா, மபாலே நடனங்களை அங்கே ஆடிக் காட்டினார். நடுவே நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டதைப் பார்த்து அமெரிக்கர்கள் திகைத்துப்போய் இணையத்தில் கேலிச் சித்திரங்கள் செய்தார்கள். அது அரபு வீடுகளின் மகிழ்ச்சிக் குலவை. குலவை கேட்டு வளர்ந்த நமக்கு விளக்கம் தேவைப்படாது.

படி 8: பிரிவுக்குப் பிறகு

2022இல் பிக்கேவைப் பிரிந்தார். பிறகு வந்த பாடல்களை இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் ‘மோனோத்தோனியா’, பாடகர் ஓசூனாவோடு, டொமினிக்கன் காதல் இசையான பச்சாத்தா பாணியில். இன்னும் அழுகை காயவில்லை. அடுத்து, 2023 ஜனவரியில் அர்ஜென்டினாவின் தயாரிப்பாளர் பிசார்ராப் பல பாடகர்களோடு எண்ணிட்டு வெளியிடும் பாட்டு வரிசையில் 53ஆம் அமர்வு. ஃபெராரியைக் கொடுத்து ட்விங்கோ என்ற சிறு காரை வாங்கினாய், ரோலெக்ஸைக் கொடுத்து கேசியோவை வாங்கினாய் என்று வெளிப்படையாகவே அடிக்கிறார். பெண்கள் இனி அழுவதில்லை, பில் போடுகிறார்கள் என்ற வரி லத்தீன் அமெரிக்காவில் சட்டைகளில்கூட அச்சானது. அந்த வரியின் முதல் பாதிதான் 2024 தொகுப்பின் தலைப்பு, ‘லாஸ் முஹேரெஸ் யா நோ யோரான்’.

இந்த அமர்வு எனக்குப் பிடிக்கும், ஆனால் ‘இனெவிதாப்லே’யின் பக்கத்தில் வைக்கமாட்டேன். அங்கே குறை எல்லாம் தன்னுடையது என்று ஒருத்தி சொன்னாள். இங்கே குறை எல்லாம் அவனுடையது. முதலாவது கவிதைக்குக் கூடுதல் இடம் தருகிறது.

தொகுப்பிலிருந்து இன்னும் மூன்று எடுத்துக்கொள்ளலாம். ‘எல் ஹேஃபே’, ஃபுவெர்சா ரெஹிதா குழுவோடு, மெக்சிகோவின் வட்டாரப் பாணியில், ஊழியரைச் சுரண்டும் முதலாளியைத் திட்டும் பாட்டு. ‘அக்ரோஸ்திகோ’, தன் இரு மகன்களின் பெயர்களும் வரிகளின் முதலெழுத்துகளில் அமையுமாறு எழுதியது; மிலான், சாஷா என்று காகிதத்தில் எழுதிவைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கடைசியாக ‘உல்திமா’, பெரும்பாலும் பியானோவும் குரலும் மட்டும். தொகுப்பின் மற்றப் பாடல்கள் கூட்டத்தில் ஆட உதவும், தனியே கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்டபின் இன்னும் வேண்டுமென்றால் 2007இல் கார்சியா மார்க்கெஸின் நாவலைத் தழுவிய படத்துக்கு அவர் எழுதிய ‘தெஸ்பெதிதா’வையும் ‘ஆய் அமோரெஸ்’ பாட்டையும் தேடுங்கள். அவற்றை எந்த நடன விருந்திலும் போடமாட்டார்கள்.